ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பார்

போன் அடித்தால் சர்வர் படுத்தது என்று அர்த்தம்

எங்கள் ஆபீசில் மெயில் சர்வர் விழுந்த செய்தியை முதலில் சொன்னது எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை, டெலிபோன்தான். முன்மேஜையில் இருந்த மூன்று போன்களும் விடாமல் அடிக்க ஆரம்பித்தால் நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். எடுத்தால் எல்லோருக்கும் ஒரே பாட்டு. “மெயில் போவல மேடம்.” “மெயில் வரல மேடம்.” “எங்க பையன் கலிபோர்னியாவுலருந்து அனுப்பிட்டன்றான், இங்க ஒண்ணுத்தையும் காணோமே மேடம்.”

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்ற ஒய்டூகே பயம் வந்து போயிருந்த சமயம் அது. தனியார் கம்பெனிகளும் இன்டர்நெட் விற்கலாம் என்று ஆகியிருந்தது. திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியை வாடகைக்கு எடுத்து எங்கள் கம்பெனி நடந்தது. யாத்ரீகர்கள் தங்கிய அறைதான் சர்வர் ரூம். கதவில் ரூம் நம்பர் அப்படியே இருந்தது. உள்ளே குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஊரில் பாதிப் பேருடைய மெயில் உட்கார்ந்திருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நீங்கள் டேட்டா சென்டர் என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று நினைக்கிறீர்கள். எங்களுடையதில் கீசர் சுவிட்ச் இருந்தது.

முதலாளி ராவ் சார். கேபிள் டிவி நடத்திக் கையில் காசு பார்த்துவிட்டு இன்டர்நெட்டுக்கு வந்தவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள், ஊரில் இருந்த பிரவுசிங் சென்டர்கள், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சிகள் எல்லாம் எங்கள் கஸ்டமர்கள்.

டெக்னிகல் ஆட்கள் என்று சொல்லிக்கொள்ள இரண்டே பேர். ஒன்று நான், மோகனா, நகரிக்காரி. நைனா, எங்கள் அப்பா, கூலிக்குப் பவர்லூம் ஓட்டியவர். நான் தினமும் நகரியில் ரயில் ஏறித் திருப்பதிக்கு வந்து போனேன். இன்னொருவன் தேசிகன், என்னைவிட நான்கைந்து வயது சின்னவன். திருமலைக் கோயிலில் பரம்பரையாகக் கைங்கரியம் பண்ணுகிற குடும்பம். காலையில் நெற்றியில் இட்டுக்கொண்டு வரும் திருமண் மத்தியானத்துக்குள் பாதி அழிந்திருக்கும், அவ்வளவு தலையைச் சொறிவான். அந்த மெயில் சர்வரைத் தனி ஆளாக அமைத்தவன் அவன்தான். மிஷினில் எதையும் செய்யவிடும் ரூட் பாஸ்வேர்ட் அவனிடம் மட்டும்தான் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் அவன் கழுத்தைப் பிடித்தது.

தேசிகனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திருந்தது. ராஜினாமா கொடுத்துவிட்டான். சென்னையில் விசா இன்டர்வியூவுக்குத் தேதியும் வந்துவிட்டது. அதற்கு எங்கள் கம்பெனி கொடுக்கும் அனுபவச் சான்றிதழ் வேண்டும். அவன் ராஜினாமா கொடுத்த அதே வாரத்தில் சர்வர் தினம் ஒரு தரம் விழ ஆரம்பித்தது.

மெயில் லாக் ஊமையாக நின்றது

மெயிலை வாங்கி அனுப்ப ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்தான் மெயில் புரோசஸ், அது விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது மெயில் லாக். யார் இணைந்தார்கள், யாருக்கு என்ன போனது என்று அது வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். நான் அதைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். ஒரு மெயில் பாதி உள்ளே வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, போகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. பேசிக்கொண்டிருந்த ஆள் நடுவில் வாயை மூடின மாதிரி.

“எரர் கூட எழுதாம எப்டி தேசிகா சாவும்?” என்று கேட்டேன்.

“தானா செத்தா எழுதும் மேடம். வேற யாராவது கொன்னா எழுதறதுக்கு அதுக்கு ஏது நேரம்?” என்றான்.

சரியான பேச்சு. கொலை செய்யப்பட்டவன் தன் லாக்கில் கொலைகாரன் பேரை எழுத மாட்டான். அதற்கு சிஸ்டம் லாக்கைப் பார்க்க வேண்டும், அதாவது மொத்த மிஷினுக்கும் பொதுவான லாக். அங்கே இருந்தது. மெமரி தீர்ந்துவிட்டது, ஆகவே மெயில் புரோசஸைக் கொன்றேன் என்று கர்னல் வெட்கமில்லாமல் எழுதி வைத்திருந்தது. கர்னல் என்றால் மிஷினுக்கே எஜமான். மெமரி காலியானால் மொத்த மிஷினும் கவிழாமல் இருக்க, அதிகமாகத் தின்கிறவனைப் பார்த்துத் தீர்த்துவிடும்.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? காரணம் கிடைத்துவிட்டது, மெமரி போதவில்லை, மெமரி வாங்கிப் போட்டால் தீர்ந்தது. ராவ் சார் முணுமுணுத்துக்கொண்டே சென்னைக்கு ஆள் அனுப்பி ரேம் வாங்கி வரச் சொன்னார். நானும் தேசிகனும் பெட்டியைக் கழற்றி, லாட்ஜ் குளியலறைக் கதவை முட்டுக் கொடுத்துச் சாத்தி, ரேமைப் பொருத்தினோம். சாயங்காலம் ஆளுக்கொரு பஜ்ஜி தின்றுவிட்டு ரயில் ஏறினேன்.

மறுநாள் மூன்று போன்களும் சேர்ந்து அடித்தன.

நாளுக்கு ஒரு நேரம்

அடுத்த வாரம் முழுக்க நான் சாப்பாட்டையும் மறந்து லாக்கோடு கிடந்தேன். வீட்டில் அம்மா, “என்னாடி, அந்த மிஷினுக்கு ஜொரம்னா நீயும் துன்னாம கெடப்பியா?” என்று திட்டினாள். கஸ்டமர்கள் போன் செய்யும் நேரத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சர்வர் விழுந்து சில சமயம் கால் மணி கழித்துப் போன் வரும், சில சமயம் ஒரு மணி கழித்து. அதனால் கொலை நடந்த நேரத்தை லாக்கிலிருந்தே எடுத்து ஒரு காகிதத்தில் எழுதினேன்.

திங்கள் மூன்றரை. செவ்வாய் பதினொன்று. புதன் எட்டு. வியாழன் ஒன்பதரை. வெள்ளி ஆறரை. சனி ஐந்து. ஞாயிற்றுக்கிழமை விழவே இல்லை. இரண்டு நிமிஷம் மூன்று நிமிஷம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். போன வாரத்து லாக்கையும் எடுத்துப் பார்த்தேன். அதே கிழமை, அதே நேரம்.

சர்வரின் கடிகாரம் நம் ஊர் நேரத்தில் ஓடவில்லை, ஜிஎம்டியில் ஓடியது. நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். தேசிகன்தான் அப்படி வைத்தான். “வெளிநாட்டு சர்வர் லாக்கோட ஒத்துப் பாக்கணும்னா இதான் சௌகர்யம் மேடம்” என்பான். எனக்கும் தெரியும். ஆனால் எழுதும்போது கூட்டிப் பார்க்கவில்லை. எல்லா நாளைக்கும் வித்தியாசம் ஒன்றுதானே, கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் குழப்பம் அதே குழப்பம்தான் என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு அப்போது நினைப்பு வேறு.

அந்தக் காகிதத்தை ராவ் சார் பார்த்ததுதான் வினை. ஒரு தரம் படித்தார், மறுபடியும் படித்தார்.

“இதி மெஷின் பனி காதம்மா” என்றார். “மெஷின் செய்யிற வேலையா இருந்தா தெனம் ஒரே டைமுக்கு படுக்கும். இல்லாட்டி கண்ட டைமுக்கு படுக்கும். கெழமைக்கு ஒரு டைம் வெச்சிக்கினு படுக்குமா? ஞாயித்துக்கெழம லீவு வேற விடுமா? இது மனுசன் செய்யிற வேலை.”

“யாரு சார் செய்வாங்க?”

“பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்குது?”

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கே முடியவில்லை. குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானாக ஓட்டுவதற்குக் கிரான் என்று ஒன்று உண்டு. கிழமைக்கு ஒரு நேரம் குறித்து வைத்தால் இப்படித்தான் நடக்கும். மறைத்துப் பேசுவது எனக்கு வராது, நேரே தேசிகனிடம் போனேன்.

“உன் கிரானைத் தொற. நான் பாக்கணும்.”

அவன் முகம் சுண்டிவிட்டது. திறந்து காட்டிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பேக்கப் எடுப்பது, பழைய லாக்கைச் சுருக்கி வைப்பது, இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“இதுல ஒண்ணும் இல்ல” என்று சொன்னேன்.

“எனக்குத் தெரியும் மேடம். நான் எதுக்குப் பண்ணப்போறேன்? ரெண்டு வருஷமா பெத்த பிள்ளை மாதிரி பாத்துண்ட மிஷின். போகச்சே அதைக் கெடுத்துட்டுப் போக எனக்கென்ன பைத்தியமா?” என்றான்.

ராவ் சார் சமாதானமாகவில்லை. “காட்டறதுக்கு ஒண்ணு, ஒளிச்சி வெக்கறதுக்கு ஒண்ணு. எனக்கு டெக்னிகல் தெரியாது, ஆனா மனுசங்கள தெரியும்” என்று சொல்லிவிட்டுத் தேசிகனைக் கூப்பிட்டார். “சர்வர் படுக்காம நிக்கட்டும், சர்டிபிகேட்ல கையெழுத்து போடறேன். நிக்கலியா, கையெழுத்தும் இல்ல.”

விசா இன்டர்வியூ திங்கட்கிழமை. அன்றைக்கு வியாழன். தேசிகனின் அப்பா ஏற்கெனவே தெரிந்தவர் எல்லோரிடமும் பிள்ளை அமெரிக்கா போகிறான் என்று சொல்லிவிட்டார். தங்கை கல்யாணத்துக்கு இந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரு கையெழுத்து, அதில் ஒரு வீடே தொங்கிக்கொண்டிருந்தது.

பிரமீளா மேடத்தின் லேப்

வெள்ளிக்கிழமை காலையில் ராவ் சார் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பெரிய கஸ்டமர் பிரமீளா மேடம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கன்சல்டன்சி நடத்துகிறவர், வேறு கம்பெனிக்கு மாறிவிடுவேன் என்று போனில் கத்தியிருக்கிறார்.

“நீ போய் சமாதானம் பண்ணிட்டு வாம்மா. அந்தம்மா சித்தூர் தமிழ்க்காரங்க. நீ தமிழ்ல பேசினா கொஞ்சம் எறங்குவாங்க.”

போனேன். பிரமீளா மேடம் நல்ல உயரம், நல்ல குரல். என்னைப் பார்த்ததும், “வாங்கம்மா, உங்க சர்வருக்கு காரியம் எப்ப, பதினாறாம் நாளா?” என்றார். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

புதிதாக ஒரு லேப் திறந்திருந்தார்கள். நீள ஹாலில் இரண்டு வரிசையாக இருபது கம்ப்யூட்டர். சத்தியவேடு, சந்திரகிரி, புத்தூர் என்று சுற்றுவட்டாரத்துப் பையன்களும் பெண்களும் ஆளுக்கு ஒன்றின் முன்னால். முன்பெல்லாம் இவர்கள் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஆளுக்கொரு நேரத்தில் பயோடேட்டா அனுப்புவார்கள். இப்போது இங்கேயே டைப் அடித்து, சர்டிபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் ஸ்கேன் செய்து, கனமான அட்டாச்மென்ட்டாகச் சேர்த்து, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். லேப் திறந்து இரண்டு வாரம் ஆகிறது என்றார் மேடம். இரண்டு வாரம் என்றதும் என் காது நிமிர்ந்தது.

ஆனால் ஹாலில் யாரும் எதையும் அனுப்பவில்லை. எல்லோருடைய ஸ்க்ரீனிலும் மெயில் ரெடியாக நின்றது. வேலை முடித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த சத்தியவேட்டுப் பையனிடம், “ரெடியாத்தானே கீது, ஏன் அனுப்பாம குந்திக்கினு கீறே?” என்று கேட்டேன்.

அவன் என்னை வேற்று ஊர்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “இன்னிக்கி வெள்ளிக்கெழம மேடம். ராகுகாலம் ஓடிக்கினு இருக்குது. எங்க நைனா ராகுகாலத்துல மாட்டக் கூட அவுக்க மாட்டாரு. நான் அமெரிக்காவுக்கு மெயில் அனுப்புவனா?”

பிரமீளா மேடம் அதைக் கேட்டு விளக்கம் சொன்னார். “போன வருசம் ஒரு பையன் ராகுகாலத்துல அனுப்பினான், இன்ன வரைக்கும் பதில் இல்ல. அவன் ஃப்ரெண்டு நல்ல நேரத்துல அனுப்பினான், ஒரே வாரத்துல கூப்ட்டாங்க. அதான் இங்க ரூல் போட்டுட்டன். ராகுகாலத்துல வேற எந்த நல்ல காரியமும் செய்ய முடியாது இல்ல, அந்த நேரத்துக்கு எல்லாரும் டைப் அடிச்சி ரெடி பண்ணிக்கணும். அது போன கையோட அனுப்பிடணும். நாளைக்கு ஒரே தரம்தான்.”

சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் பன்னிரண்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. எழுந்து நின்று கையைத் தட்டினார்.

“ராகுகாலம் போயிடுச்சி. சாமிய நெனச்சிக்கினு அழுத்துங்க.”

இருபது பேரும் ஒரே சமயத்தில் அழுத்தினார்கள். இருபது மவுஸும் ஒன்றாக டிக் என்றது இன்னும் என் காதில் இருக்கிறது. அழுத்திய கையோடு எல்லோரும் எழுந்து டீக்குப் போய்விட்டார்கள். லைன் மெதுவாகத்தான் போகும், உட்கார்ந்து பார்த்து என்ன ஆகப்போகிறது? டீ குடித்து, ஊர்க்கதை பேசி, திரும்பி வந்து எரரைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் போன் செய்வார்கள். அதனால்தான் போன் வரும் நேரம் தினமும் முன்னே பின்னே வந்தது.

மேடத்தின் போனை எடுத்து ஆபீசுக்கு அடித்தேன். தேசிகன்தான் எடுத்தான்.

“சர்வர் இருக்கா?”

“இப்பத்தான் போச்சு மேடம்” என்றான் செத்த குரலில்.

“லாக்ல என்னா டைம்?”

“ஆறு முப்பத்திரண்டு.”

“அஞ்சரை மணி நேரம் கூட்டிப் பார்.”

“பன்னெண்டு ரெண்டு.”

“திங்கட்கிழமை மூணரைக்குக் கூட்டு.”

“ஒம்பது.”

“செவ்வா பதினொண்ணு?”

“நாலரை.” மீதியை அவனே வாய்விட்டுக் கூட்டிக்கொண்டு போனான். புதன் ஒன்றரை, வியாழன் மூன்று, சனி பத்தரை. ஒவ்வொரு கிழமையும் ராகுகாலம் முடிகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை லேப் லீவு.

“பெருமாளே” என்றான்.

“பெருமாளை அப்பறம் கூப்பிடு. உங்க வீட்ல பஞ்சாங்கம் பாக்காம பால் பாக்கெட் கூட வாங்க மாட்டாங்களே. தெனம் இந்த நேரத்தைப் பாத்துக்கினு இருந்தியே, உனக்குத் தோணலியா?”

“அதெல்லாம் அப்பா பாத்துப்பார் மேடம். நான் ராகுகாலம்லாம் பாக்கறதில்லை” என்றான். குரலில் உயிர் வந்துவிட்டது. நான் பிரமீளா மேடத்தின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னம்மா என்று கேட்டதற்கு, தூசி என்று சொல்லிவைத்தேன்.

கம்பார்ட்மென்ட்

காரணம் இதுதான். மெயில் சர்வருக்கு ஒருவர் இணைந்தால் அவரைக் கவனிக்க ஒரு பிள்ளை புரோசஸ் பிறக்கும். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றும் அட்டாச்மென்ட்டை மொத்தமாகப் பிரித்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும். அதற்கு நிறைய மெமரி தின்னும். ஆள் மாற்றி ஆள் வந்தால் ஒன்றும் ஆகாது. இருபது பேர் ஒரே நொடியில் வந்தால், புது ரேமையும் சேர்த்து விழுங்கிவிடும். சர்வர் சாவதற்கு முன்னால் லாக்கில் பிரமீளா மேடத்து லைனின் பெயர் வரிசையாக இருந்தது உண்மை. ஆனால் எப்போது பார்த்தாலும் அவர்கள் பெயர்தான் அதிகம் இருக்கும், அதனால் கண்ணில் உறைக்கவில்லை.

நான் அங்கேயே பிரமீளா மேடத்திடம் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் கொஞ்சம் தள்ளி அனுப்பக் கூடாதா என்று.

“எந்தப் பாதியைத் தள்ளி நிக்கச் சொல்றது? ஒவ்வொருத்தனும் நெலத்த அடமானம் வெச்சிட்டு வந்து குந்தினு இருக்கறான். நீ பின்னாடி அனுப்புன்னு நான் யாருகிட்ட சொல்லுவன்? உங்க மெஷினைச் சரி பண்ணுங்க, என் பசங்கள ஏன் சரி பண்றீங்க?”

நியாயமான பேச்சு. கஸ்டமர் நம்பிக்கைக்கு ஏற்ற மாதிரி மிஷின்தான் வளைய வேண்டும்.

ஆபீசுக்கு வந்து தேசிகனும் நானும் உட்கார்ந்தோம். அவன்தான் சொன்னான். “மலையில என்ன பண்றா? கூட்டம் வந்தா எல்லாரையும் சன்னதிக்குள்ள விடறாளா? கம்பார்ட்மென்ட்னு ஹால் ஹாலா உக்கார வெச்சு, ஒரு கம்பார்ட்மென்ட் முடிஞ்சா அடுத்ததைத் தொறக்கறா. நாமளும் அதையே பண்ணலாம் மேடம்.”

அதற்கு மெயில் சர்வரில் ஒரு வசதி ஏற்கெனவே இருந்தது. ஒரே சமயத்தில் இத்தனை பிள்ளை புரோசஸுக்கு மேல் பிறக்கக் கூடாது என்று ஒரு வரி. நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. எட்டு என்று வைத்தோம். எட்டுப் பேர் உள்ளே இருந்தால் மீதிப் பேர் வாசலில் நிற்பார்கள், யாரையும் துரத்தாது. ஒருவர் வெளியே வந்தால் அடுத்தவர் போவார். ஒரே ஒரு வரி. இதற்கா சென்னைக்கு ஆள் அனுப்பி ரேம் வாங்கினோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ராவ் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். காகிதத்தில் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ஐந்தரை கூட்டி எழுதிக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துத் தானும் கூட்டிப் பார்த்தார்.

“நான் அப்பவே சொல்லல? மனுசன் செய்யிற வேலைன்னு” என்றார் கடைசியில்.

“சொன்னீங்க சார். ஆனா மனுசன் இவன் இல்ல.”

“நாளைக்குப் பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. பத்தேகாலுக்கே மூன்று பேரும் அந்த லாட்ஜ் ரூமுக்குள் நின்றோம். உட்கார ஒரே நாற்காலி, அதில் ராவ் சார். நான் லாக்கை ஸ்க்ரீனில் ஓடவிட்டிருந்தேன். தேசிகன் கையைப் பிசைந்துகொண்டு குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றான். தண்ணீர் சொட்டும் சத்தம் அன்றைக்குப் பெரிதாகக் கேட்டது.

லாக்கில் ஐந்து மணி ஆனது. ஸ்க்ரீன் சரசரவென்று ஓடியது. ஒரு இணைப்பு, இன்னொன்று, அடுத்தது. எட்டு ஆனதும் புதிதாக ஒரு வரி வந்தது. எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதிகபட்சம் எட்டு, இனி உள்ளே விட முடியாது என்று. ராவ் சார் எழுந்துவிட்டார்.

“ஏமாயிந்தி? நின்னுபோச்சா?”

“இல்ல சார். கதவச் சாத்தியிருக்குது. உள்ள இருக்கறவங்க வெளிய வந்ததும் தொறக்கும்” என்றேன்.

ஒரு மெயில் போனது. கதவு திறந்தது. ஒன்பதாவது ஆள் உள்ளே வந்தான். இன்னொன்று போனது. பத்தாவது. பிறகு நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக, இருபதும் போய் முடிந்தது. சிஸ்டம் லாக்கைத் திறந்து பார்த்தேன். கர்னல் வாயே திறக்கவில்லை. முன்மேஜையிலிருந்து ஒரு போன் சத்தமும் இல்லை. பதினொரு மணிக்கு மேல் ஒரே ஒரு போன் வந்தது. பிரமீளா மேடம்.

“என்னம்மா, இன்னிக்கி எல்லாம் போயிடுச்சி. நெஜமாவே போச்சா, இல்ல எரர் காட்டறத நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு வாரமாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்த்துச் சிரித்தேன்.

ராவ் சார் தேசிகனின் சர்டிபிகேட்டை மேஜையில் விரித்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “தப்பா நெனச்சிட்டன்பா. உன்னத்தான் நெனச்சன். மனசுல வெச்சிக்காம போய்ட்டு வா” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். தேசிகன் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தான். அதைப் படித்து மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அன்று சாயங்காலம் ரயிலில் நகரி வரும்வரை தூங்கினேன், ஸ்டேஷனில் யாரோ எழுப்பி இறக்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்த மெயில்

பிறகு எத்தனையோ கம்பெனி, எத்தனையோ சர்வர் பார்த்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். செத்த புரோசஸின் லாக்கை மட்டும் பார்க்காதே, அதைச் சுற்றி இருந்தவர்களின் லாக்கைப் பார். அடுத்தது, லாக்கில் இருக்கிற நேரம் மிஷினுடைய நேரம். அதைப் பயன்படுத்துகிற மனிதர்களின் நேரத்துக்கு மாற்றிப் பார்க்காமல் யார் மேலும் பழி போடாதே.

தேசிகனுக்கு விசா கிடைத்தது. போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்து அவனிடமிருந்து எனக்கு முதல் மெயில் வந்தது. அப்போதெல்லாம் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்போம். குளிர் தாங்கவில்லை, தயிர் புளிக்கவே மாட்டேன் என்கிறது, தங்கைக்கு வரன் பார்த்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தான். படித்து முடித்ததும் பழக்க தோஷத்தில் லாக்கைத் திறந்து அவன் மெயில் எப்போது வந்தது என்று பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, பதினொன்று ஒன்று.

ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பார்த்தேன். நாலு முப்பத்தொன்று. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு பதில் அடித்தேன். “ராகுகாலம்லாம் பாக்கறதில்லன்னு சொன்னியே தேசிகா. அதுவும் உங்க ஊர்ல அப்ப விடிகாலை, அங்க ராகுகாலமே வேற நேரத்துல இல்ல வரும்?”

மறுநாள் அவன் பதில் வந்தது, ஒரே வரி.

“நான் அனுப்பறது இங்கேர்ந்துன்னாலும், மெயில் வந்து எறங்கறது திருப்பதியிலதானே மேடம்?”